எந்த விக்ஸ்பர்க்?

மக்காச்சோள மடலைப் பிரித்ததும் காரமான சிவப்புச் சாறு மணிக்கட்டு வரை வழிந்தது. உள்ளே, வெந்த சோளமாவுக்குள் இறைச்சி. பெயர் தமாலி. அமெரிக்கச் சாப்பாடு சப்பென்றுதான் இருக்கும் என்று முடிவுகட்டி, பையில் பருப்புப்பொடியோடு மிசிசிப்பி மாநிலத்துக்கு வந்திருந்த மதுரைக்காரர், இலைக்கொழுக்கட்டைக்கு இங்கே காரசாரமான ஒரு பங்காளி இருப்பதை எதிர்பார்க்கவில்லை. பருத்திக் காட்டு வேலைக்கு வந்த மெக்சிகோக்காரர்கள் கொண்டுவந்த பண்டம் என்கிறார்கள். இன்னொரு தட்டு சொல்லலாமா என்று யோசிக்கும்போதுதான் சண்டை மூண்டது.

தொடங்கிவைத்தவர் ஒரு வெள்ளைக்கார மூதாட்டி, ஓய்வுபெற்ற ஆசிரியை. வெளியூர் முகத்தைக் கண்டதும் ஊர்ப்பெருமையை எடுத்துவிட்டார். அமெரிக்க உள்நாட்டுப் போரில், 1863 ஜூலை 4 அன்று விக்ஸ்பர்க் வடமாநிலப் படையிடம் சரணடைந்தது. அந்த வேதனையில், நாடே சுதந்திர தினம் கொண்டாடும்போது இந்த ஊர் மட்டும் 81 வருஷம் கொண்டாடவில்லை. தன் பாட்டி அன்றைக்கு ஜன்னலைக்கூடத் திறக்கமாட்டார் என்றார்.

“எந்த விக்ஸ்பர்க், மேடம்?” என்று கேட்டார் பக்கத்து மேசையில் காபி குடித்துக்கொண்டிருந்த கறுப்பினப் பெரியவர்.

உள்நாட்டுப் போர் என்றாலே மதுரைக்காரருக்கு கெட்டிஸ்பர்க்தான். பாடநூலும் சினிமாவும் அங்கேதான் கூட்டிப்போகின்றன. ஆனால் கெட்டிஸ்பர்க்கில் தோற்ற தென்மாநிலத் தளபதி லீ, மிச்சமிருந்த படையைத் திரட்டிக்கொண்டு தெற்கே திரும்பிவிட்டார். அந்தச் சண்டை ஓய்ந்த மறுநாள், இங்கே தென்னவர் தளபதி பெம்பர்ட்டன் சுமார் 29,500 பேரோடு மொத்தமாக ஆயுதத்தைக் கீழே வைத்தார். ஜூலை 9இல் தென்னவரின் இன்னொரு அரணான போர்ட் ஹட்சனும் விழுந்தது. மிசிசிப்பி ஆறு முழுக்க வடவர் கைக்குப் போக, டெக்சஸும் அர்கன்சாவும் தென்னவர் அணியிலிருந்து துண்டாயின. திருப்புமுனை எது என்று பந்தயம் கட்டச் சொன்னால், மதுரைக்காரர் இப்போது விக்ஸ்பர்க் பக்கம்.

வடவர் தளபதி கிராண்ட் மே 19இலும் 22இலும் நேரடியாக மோதிப் பார்த்தார். இரண்டாவது நாளில் மட்டும் செத்தவர், காயம்பட்டவர், காணாமல் போனவர் எல்லாம் சேர்த்து 3,000க்கும் மேல். அதற்கப்புறம் பட்டினி போட்டே பணியவைத்தார். 47 நாள் முற்றுகை. இங்குள்ள மேடுகள் காற்று கொண்டுவந்து குவித்த மஞ்சள் மண்ணால் ஆனவை. செங்குத்தாக வெட்டினாலும் சரியாமல் நிற்கும். குண்டுக்குப் பயந்த குடும்பங்கள் அதில் குகை வெட்டிக் குடியேறின. காகிதம் தீர்ந்துபோக, ‘டெய்லி சிட்டிசன்’ பத்திரிகை சுவரில் ஒட்டும் பூப்போட்ட தாளின் பின்பக்கத்தில் அச்சானது. ஜூலை 2 இதழ், நான்காம் தேதி விக்ஸ்பர்க்கில் விருந்து சாப்பிட நினைக்கும் கிராண்ட் முதலில் முயலைப் பிடிக்கட்டும் என்று நக்கலடித்தது. ஊருக்குள் வந்த வடவர் படையினர், கோத்துவைத்த அச்செழுத்துகளை அப்படியே எடுத்து, முயல் பிடிபட்டது, கோவேறு கழுதைக் கறியின் புகழ்பாட இனி வேலையில்லை என்று அடியில் சேர்த்து அச்சிட்டுவிட்டார்கள். இதைக் கேட்டு மதுரைக்காரர் கடை அதிரச் சிரித்தார். மூதாட்டி சிரிக்கவில்லை.

பெரியவர் விடுவதாயில்லை. ஜூலை 4 அவருடைய முன்னோருக்கு அடிமை விலங்கு கழன்ற நாள். போர் முடிந்த காலத்தில் கறுப்பின மக்கள் இதே தெருக்களில் ஊர்வலம் போய்க் கொண்டாடினார்கள். ஷெரீப்பாகவே ஒரு கறுப்பினத்தவர், பீட்டர் கிராஸ்பி, தேர்ந்தெடுக்கப்பட்டார். 1874 டிசம்பரில் வெள்ளையர் கும்பல் அவரை மிரட்டிப் பதவியிலிருந்து இறக்கியது. அதைத் தட்டிக்கேட்க வந்த கறுப்பின மக்கள் டஜன் கணக்கில் கொல்லப்பட்டார்கள். “அப்புறம் ஊர் ஏன் அமைதியாக இருந்ததாம்?” என்றவர், மூதாட்டியைப் பார்த்து, “உங்கள் பாட்டி ஜன்னலைச் சாத்திய நாளில் சமையல்காரம்மா எங்கே போயிருந்தார்?” என்று கேட்டார்.

மழுப்பலான பதில் ஒன்று வரும் என்று மதுரைக்காரர் காத்திருந்தார். “லீவு கேட்டுக்கொண்டு போவார். எங்கே என்று நான் கேட்டதேயில்லை” என்றார் மூதாட்டி. அதுவரை பிடிக்காமலிருந்த அவரை, அந்த ஒரு பதிலுக்காக மதுரைக்காரருக்குப் பிடித்துப்போயிற்று.

போர்க்களப் பூங்காவில் எதை முதலில் பார்ப்பது என்பதிலும் இருவருக்கும் ஒத்துவரவில்லை. மூதாட்டிக்கு இல்லினாய் மண்டபம்: முற்றுகையின் நாளுக்கொரு படியாக 47 படிகள். பெரியவர் சொன்னது வேறொன்று. மதுரைக்காரர் படியேறி மூச்சு வாங்கியதோடு சரி. நெடுநேரம் நின்றது பெரியவர் சொன்ன இடத்தில்தான். அங்கே ஒரு சிலை: இரண்டு கறுப்பின வீரர்கள், ஒரு வயற்காட்டுக் கூலி. காயம்பட்ட வீரரை மற்ற இருவரும் இருபக்கமும் தாங்கிப் பிடித்திருக்கிறார்கள். கூலியின் முகம் பின்னால் திரும்பியிருக்கிறது. விக்ஸ்பர்க் முற்றுகையில் இருந்தபோதே, ஜூன் 7இல், மில்லிக்கன்ஸ் பெண்ட் என்ற இடத்தில் சரியான பயிற்சிகூட இல்லாமல் கைகலப்புச் சண்டை போட்டவர்கள் இப்படிப்பட்டவர்கள்தாம். 1899இல் அமைந்த பூங்கா இது. 1,300க்கும் மேற்பட்ட நினைவுச் சின்னங்கள், பலகைகள். இந்தச் சிலைக்கு இடம் கிடைத்தது 2004இல்.