ஒரே ஓட்டில் தப்பிய கோட்டை வாசல்... உடைந்தே கிடக்கும் மணிகள்! - ஜெர்மனியின் லூபெக் நகரக் கதை

பழசை இடித்துவிட்டுப் புதுசாகக் கட்டுவதா, அப்படியே காப்பாற்றுவதா? எல்லா ஊர்களிலும் நடக்கும் சண்டைதான் இது. வடக்கு ஜெர்மனியின் லூபெக் நகரத்தில் அந்தச் சண்டை ஒரே ஒரு ஓட்டில் முடிந்தது.

ரயிலை விட்டு இறங்கிச் சில நிமிடங்கள் நடந்தால், எதிரே நிற்கிறது ஹோல்ஸ்டன் வாசல். 1464-ல் தொடங்கி 1478-ல் முடிக்கப்பட்ட செங்கல் கோட்டை வாசல். கூம்புத் தொப்பி போட்ட இரண்டு பருத்த கோபுரங்கள். ஈர மண்ணில் கட்டியதால், பாரம் தாங்காமல் புதைந்து லேசாகச் சாய்ந்திருக்கின்றன. எதிரி வரும் பக்கத்தில் சுவரின் கனம் 3 மீட்டருக்கும் மேல். ஊரைப் பார்த்த பக்கத்தில் ஒரு மீட்டர்கூட இல்லை!

உப்பு தந்த செல்வம்

இவ்வளவு பாதுகாப்பு எதற்கு? காசுக்காகத்தான். 1143-ல் உருவான லூபெக், 1226-ல் பேரரசருக்கு மட்டுமே கட்டுப்பட்ட சுதந்திர நகரமானது. பால்டிக் கடல் வணிகத்தைக் கையில் வைத்திருந்த ஹன்சா கூட்டமைப்புக்குத் தலைமை நகரமும் இதுதான். பக்கத்து ஊரான லூனெபர்க்கிலிருந்து உப்பு வரும். வடக்கே கடலில் பிடிக்கும் ஹெர்ரிங் மீன்களை அந்த உப்பில் பதப்படுத்துவார்கள். இறைச்சி சாப்பிடக் கூடாத விரத நாள்களில் ஐரோப்பா முழுக்க அந்த மீன்தான். உப்பைக் கொண்டுவரவே ஒரு கால்வாய் வெட்டி 1398-ல் திறந்தார்கள். கோட்டை வாசலை ஒட்டி, ஆற்றங்கரையில் பழைய உப்புக் கிடங்குகளை இன்றும் பார்க்கலாம்.

அந்த ஒரு ஓட்டு

காலம் மாறியது. ரயில் வந்தது. வழியை அடைத்து நின்ற வெளிப்புற வாசலை 1853-ல் இடித்தார்கள். பாழடைந்து கிடந்த ஹோல்ஸ்டன் வாசலையும் இடிக்கச் சொல்லி மனு போனது. 1863-ல் நகர மன்றத்தில் ஓட்டெடுப்பு. ஒரே ஓட்டு வித்தியாசத்தில் வாசல் பிழைத்தது! பிற்காலத்தில் 50 மார்க் நோட்டிலும், 2006-ல் 2 யூரோ நாணயத்திலும் இடம்பிடித்தது இதே வாசல்தான்.

எரிந்த இரவு

ஆனால், 1942-ல் ஓட்டெடுப்புக்கெல்லாம் இடமில்லை. மார்ச் 28 இரவு, குருத்தோலை ஞாயிறு விடிவதற்குள் பிரிட்டிஷ் விமானங்கள் குண்டு மழை பொழிந்தன. 300-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பழைய நகரத்தின் கணிசமான பகுதி எரிந்தது.

இந்த ஊரில் பிறந்து, நோபல் பரிசு வாங்கிய எழுத்தாளர் தாமஸ் மான் அப்போது அமெரிக்காவில் இருந்தார். ஹிட்லரின் எதிரி அவர். சொந்த ஊர் எரிந்த செய்தி கேட்டு, பிபிசி வழியாக ஜெர்மானியர்களிடம் பேசினார். லூபெக் எரிந்தது அவருக்கும் வலித்தது. ஆனாலும், ஜெர்மன் விமானங்கள் நாசமாக்கிய இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரத்தை நினைவூட்டி, எல்லாவற்றுக்கும் விலை கொடுத்தாக வேண்டும் என்றார்.

ஒரே ஆலயம், இரண்டு முடிவுகள்

அன்று எரிந்தவற்றில் ஒன்று புனித மரியாள் ஆலயம். தீயின் வெப்பத்தில் சுவரின் சுண்ணாம்பு உரிந்து, உள்ளே மறைந்திருந்த இடைக்கால ஓவியங்கள் வெளியே தெரிந்தன. போருக்குப் பிறகு அவற்றைச் சீரமைக்கும் வேலை நடந்தது. 1951-ல், ஆலயத்தின் 700-வது ஆண்டு விழாவில் ஊரே வியந்து பார்த்தது. தபால்தலைகூட வெளியிட்டார்கள்.

மறுவருடமே குட்டு உடைந்தது. சீரமைப்பில் வேலை பார்த்த ஓவியர் லோத்தார் மால்ஸ்காட், பல ஓவியங்கள் தன் கைவேலைதான் என்று தானே ஒப்புக்கொண்டார். முதலில் யாரும் நம்பவில்லை. விசாரணையில் உண்மை தெரிந்தது. அவருக்குச் சிறை. பீடப் பகுதியில் இருந்த போலி ஓவியங்கள் அழிக்கப்பட்டன.

அதே ஆலயத்தின் தெற்குக் கோபுரத்துக்குக் கீழே இருக்கின்றன, அந்த இரவில் உயரத்திலிருந்து விழுந்து நொறுங்கிய மணிகள். உருக்கவில்லை, ஒட்டவைக்கவில்லை, அப்புறப்படுத்தவும் இல்லை. விழுந்த இடத்திலேயே, பிளந்த தரையோடு அப்படியே விட்டுவிட்டார்கள்.

1987-ல் யுனெஸ்கோ பாரம்பர்யப் பட்டியலில் சேர்ந்த நகரம் இது. ஊருக்குப் பெயர்போன மார்சிபான் என்ற பாதாம் இனிப்பை வாங்கிக்கொண்டு, சிரித்துப் பேசியபடியேதான் பயணிகள் ஆலயத்துக்குள் நுழைகிறார்கள். அந்த மணிகள் கிடக்கும் கம்பித் தடுப்புக்கு முன்னால் வந்ததும், பேச்சு தானாக நின்றுவிடுகிறது.