வலை இருந்தாலும் உடுப்பு வேணும்

டிசம்பர் விடுமுறைக்கு சிட்னியிலிருந்து கெயின்ஸ் போனோம். பக்கத்திலுள்ள பாம் கோவ் கடற்கரையைக் கண்டதும் ஒன்பது வயது மகனுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. ஆனால் கையில் கொடுத்த ஸ்டிங்கர் சூட்டைப் பார்த்ததும் முகம் சுருங்கிவிட்டது.

"அம்மா, சர்க்கஸ்காரர் மாதிரி இருக்கு. எல்லாரும் சிரிப்பினம். அங்க வலை போட்டிருக்கினம்தானே?"

உண்மையில் எனக்கும் அதே எண்ணம்தான். வலை இருக்கிறது, காவலுக்கு லைஃப்கார்ட் இருக்கிறார், பிறகென்ன? எதற்கும் ஒருக்கா கேட்டுப் பார்ப்போம் என்று அவரிடம் போனேன்.

வட குயின்ஸ்லாந்துக் கரையில் நவம்பர் முதல் மே வரை ஜெல்லி மீன் காலம். எங்கட அம்மம்மா 'சொறிமுட்டை' என்று சொல்லும் அதே இனம்தான். ஆனால் இங்குள்ள பாக்ஸ் ஜெல்லி மீன் சில நிமிடங்களில் உயிரையே எடுக்கக்கூடியது. அதன் கொடுக்கு இழைகள் 3 மீட்டர் வரை நீளும். வலை தடுப்பது இந்தப் பெரியதைத்தான். இருகாஞ்சி என்று இன்னொன்று உண்டு. 1 அல்லது 2 சென்டிமீட்டர்தான், கண்ணாடி போல இருக்கும். அது வலைக் கண்ணுக்குள்ளால் சுலபமாக வந்துவிடும்.

இருகாஞ்சி கொட்டும்போது பெரிதாகத் தெரியாது. அரை மணி நேரம் போனபிறகுதான் முதுகுவலி, வாந்தி, தசைப்பிடிப்பு எல்லாம் தொடங்கும். இது எந்த உயிரினத்தின் வேலை என்று நிரூபிக்க, 1961இல் கெயின்ஸ் மருத்துவர் ஜாக் பார்ன்ஸ் அதைப் பிடித்துத் தன்மீதும், ஒரு லைஃப்கார்ட் மீதும், தன் ஒன்பது வயது மகன் மீதும் கொட்ட வைத்தார். மூவரும் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பிழைத்தார்கள். ஒன்பது வயது என்று வாசித்ததும் என் கை தானாக மகனின் தோளைப் பிடித்துக்கொண்டது.

ஸ்டிங்கர் சூட் மெல்லிய லைக்ரா துணிதான். ஜெல்லி மீனின் கொடுக்கு ஊசிகள் மிக நுண்ணியவை. துணி மூடிய இடத்தில் அவை தோலுக்கு எட்டுவது அரிது. கையும் தலையும் மூடுகிற மாதிரி வாங்குவது நல்லது. முகம் வெளியேதான் இருக்கும், அதனால் முழுப் பாதுகாப்பு என்று நினைக்கக்கூடாது.

கரையில் கம்பங்களில் வினிகர் போத்தல் வைத்திருக்கிறார்கள். கொட்டினால் உடனே கரைக்கு வந்து, 000க்கு அழைத்து, அந்த இடத்தில் 30 விநாடியாவது வினிகர் ஊற்ற வேண்டும். அது வலியைக் குறைக்காது. இன்னும் வெடிக்காத ஊசிகளை அடக்கும். தேய்க்கக்கூடாது, நல்ல தண்ணீர் ஊற்றக்கூடாது. மூச்சு நின்றால் சிபிஆர் செய்ய வேண்டும்.

அடுத்த நாள் காலை கடற்கரையை மூடியிருந்தார்கள். லைஃப்கார்ட்கள் இழுத்த சிறு வலையில் இருகாஞ்சி அகப்பட்டதாம். மகன் கொஞ்ச நேரம் பேசாமல் கடலையே பார்த்துக்கொண்டு நின்றான். அதற்குப் பிறகு சூட் போடுவதற்கு ஒரு மறுப்பும் இல்லை.

சிட்னிக்குத் திரும்பிய பிறகு, "பொண்டாய் பீச்சுக்கும் வினிகர் கொண்டு போவமா அம்மா?" என்று கேட்டான். "இல்லையப்பு, இங்க வாறது புளூபாட்டில். அதுக்கு வினிகர் சரிவராது. கடல் தண்ணியால கழுவிப்போட்டு, தாங்கக்கூடிய சுடுதண்ணியில 20 நிமிசம் வைக்கவேணும்" என்றேன்.

கடலுக்குக் கடல் மருந்து வேறு. போகுமுன் கேட்டுவிட்டுப் போங்கள்.