சொல்லின் சுற்றம்

தங்கச்சியின் மகள் உயர்தரம் வரை தமிழ்மொழி மூலம் படித்தவள். பல்கலைக்கழகத்தில்தான் விஞ்ஞானத்தை ஆங்கிலத்தில் படித்தாள். அமெரிக்காவில் மேற்படிப்புக்கு விண்ணப்பிக்க எண்ணி, ஜீ.ஆர்.ஈ. பரீட்சைக்கு ஆயத்தமானாள். அங்கே பல துறைகள் இன்று அந்தப் பரீட்சையைக் கேட்பதில்லை. அவள் விரும்பிய துறை கேட்டது.

மேசை நிறைய அட்டைகள். ஒருபுறம் ஆங்கிலச் சொல், மறுபுறம் பொருள். காலையில் பாடமாக்கிய முப்பதில் மாலையில் ஐந்துதான் மிஞ்சின.

"இங்கிலீஸ் மீடியத்தில படிச்ச புள்ளைகளுக்கு இது லேசு மாமா. எனக்கு இதுல ஒரு சொல்லும் அறிமுகமில்ல" என்றாள்.

அந்தப் பேச்சு என்னை உறுத்தியது. பரீட்சையை விட, தமிழில் படித்ததே தனக்கொரு பாரம் என்று அவள் எண்ணத் தொடங்கியதுதான் எனக்குப் பெரிதாகப் பட்டது.

வினாத்தாள்களை எடுத்துப் பார்த்தேன். 2011 ஆகஸ்ட் வரை எதிர்ச்சொல்லும் சொல் ஒப்புமையும் கேட்கப்பட்டன. பட்டியலைப் பாடமாக்கியவர் அவற்றில் தப்பிவிடலாம். இப்போது அவை இல்லை. வசனத்தின் போக்கறிந்து வெற்றிடம் நிரப்ப வேண்டும். மூன்று வெற்றிடங்களில் ஒன்று பிழைத்தாலும் புள்ளி கிடையாது. 2023 செப்டெம்பரில் பரீட்சை சுருக்கப்பட்ட பிறகு மொழிப் பகுதிக்கு 27 வினாக்கள், 41 நிமிடங்கள். தெரிந்த சொல்லே வேறு முகம் காட்டுவதும் உண்டு. 'டெம்பர்' என்றால் நமக்குக் கோபம். அங்கே அது 'தணித்தல்' என்ற வினையாகவும் வரும்.

அவள் சிறுவயதில் மத்ரஸாவில் ஓதியவள். கிதாப், மக்தப், காதிப் மூன்றும் ஒரே மூன்றெழுத்து வேரில் பிறந்தவை என்பது அவளுக்குத் தெரியும். ஆங்கிலத்தையும் அப்படிப் பார்க்கச் சொன்னேன். பேசுதல் என்று பொருள்படும் ஒரு லத்தீன் வேரிலிருந்து எலொகுவன்ட், லொகுவேஷியஸ், சொலிலொகி எல்லாம் வருகின்றன. ஒன்றைப் பிடித்தால் மற்றவை கூடவே வரும்.

பிறகு அந்தப் பட்டியலில் நம்முடைய சுற்றத்தாரைத் தேடினோம். உச்சம் எனப்படும் 'செனித்', தலைக்கு மேலான திசையைக் குறிக்கும் அரபுத் தொடரில் பிறந்தது. அதன் மறுமுனையான 'நேடிர்', எதிர்நிகர் என்ற பொருளில் வரும் 'நளீர்' என்ற அரபுச் சொல். 'டிசைஃபர்' என்பதற்குள் இருப்பது வெறுமையைக் குறிக்கும் 'ஸிஃப்ர்'. பூச்சியத்தை நாம் 'சைபர்' என்பதும் அதே வழிதான். எதிர்பாராத நற்பேறான 'செரன்டிபிட்டி', 1754இல் ஹொரஸ் வோல்போல் ஆக்கிய சொல். அதற்குள் இருப்பது அரபு வணிகர் நமது தீவுக்கு வழங்கிய 'ஸரன்தீப்' என்ற பெயர்.

'பரையா' என்ற சொல்லில் அவள் நின்றுவிட்டாள். அட்டையில் 'ஒதுக்கப்பட்டவர்' என்றிருந்தது. பறையடித்தலோடு சேர்ந்த ஒரு சமூகப் பெயர், தமிழிலிருந்து போய் அங்கே விலக்கப்பட்ட எவருக்குமான பெயராகிவிட்டது. "பொருள மட்டும் எழுதினாப் போதுமா மாமா?" என்று கேட்டாள். பரீட்சைக்குப் போதும் என்றேன். அவள் அட்டையின் ஓரத்தில் மிச்சத்தையும் எழுதிவைத்தாள். மறக்காத சொற்களில் அது ஒன்று.

அதன்பின் நாளுக்குப் பத்துச் சொற்கள்தான். சொல்லைக் கண்ட வசனத்தையும் சேர்த்து எழுதுவாள். மறுநாளும், மூன்றாம் நாளும், ஒரு வாரத்தின் பின்னும் திருப்பிப் பார்ப்பாள். பொருளை அகராதியிலிருந்து பிரதிபண்ணாமல் உம்மாவின் பேச்சிலிருந்தே எடுத்தாள். 'ஒப்சீக்குவியஸ்' என்றால் கூழைக்கும்பிடு. 'கரியுலஸ்' என்றால் ஓயாத அலட்டல். 'இக்குவிவொகேட்' என்றால் மழுப்புதல். நாலு வரி விளக்கம் செய்யாததை வீட்டுச் சொல் ஒன்று செய்தது.

பரீட்சை எழுதிவிட்டு வந்து, "அறிமுகமில்லாத சொல் நிறைய இருந்துச்சு, ஆனா பயமில்ல" என்றாள். புள்ளி விண்ணப்பத்துக்குப் போதுமானதாக இருந்தது. மிச்சம் அல்லாஹ்வின் நாட்டம்.

நமது ஊர்களில் தமிழில் படித்து, அரபு ஓதி, ஆங்கிலத்தின் வாசலில் தயங்கி நிற்கும் பிள்ளைகள் எத்தனையோ பேர். இரண்டு மொழிகளின் சொத்தோடு வருபவர்களை வெறுங்கையர் என்று நாமே சொல்லிச் சொல்லி நம்பவைத்துவிட்டோம். அவர்களுக்கு ஒரு சொற்பட்டியலை நீட்டும்போது, அதில் அவர்களின் சொந்தக்காரர்கள் யார் யார் என்பதையும் சேர்த்துச் சொல்லிக்கொடுப்போம்.