மாத்திப் பாத்துருவோம்

அக்டோபர் 6, திங்கள்

முந்தல் தாண்டி ஆறாவது கொண்டை ஊசி வளைவில் டெம்பரேச்சர் முள் சிவப்பைத் தொடப் போனது. போடிமெட்டுக்கு மொத்தம் 17 வளைவு. பாதிகூட ஏறவில்லை. காலை ஐந்தரை இருக்கும். ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்புகள் என்னைச் சுற்றிக்கொண்டு மேலே போயின. ஒன்று மட்டும் நின்றது. ஓட்டுநர் எட்டிப் பார்த்து, "அண்ணே, மூடியத் தொறந்துறாதீங்க, மூஞ்சி வெந்துரும். ஹீட்டரை ஃபுல்லா வைங்க" என்றார். வைத்தேன். அடுப்படியில் நிற்கிற மாதிரி காற்று அடித்தது. ஐந்து நிமிடத்தில் முள் இறங்கியது. "சூடா வருதுல்ல? அப்பத் தண்ணி ஓடுது, பம்ப் சுத்துது" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். நான் வண்டியைத் திருப்பிக்கொண்டு போடிக்கே இறங்கிவிட்டேன்.

சாயங்காலம் மெக்கானிக் பானெட்டைத் திறக்கவே இல்லை. "பதினோரு வருஷத்து வண்டி சார். ஹெட் கேஸ்கெட்டாத்தான் இருக்கும், இல்லாட்டி வாட்டர் பம்ப். ரெண்டையும் மாத்திப் பாத்துருவோம்." இருபத்திரண்டாயிரம் ஆகுமாம். தீபாவளி கழியட்டும் என்றேன்.

அக்டோபர் 7, செவ்வாய்

இரவு சரியாகத் தூங்கவில்லை. ஆறு மணிக்குப் பானெட்டைத் தூக்கினேன். ரேடியேட்டரின் மேல் ஹோஸ் சப்பிப் போட்ட மாம்பழத் தோல் மாதிரி ஒட்டிக் கிடந்தது. அமுக்கியவர் யாருமில்லை. வண்டி இரவெல்லாம் சும்மா நின்றிருக்கிறது. எஞ்சின் ஆறிச் சில்லென்று இருந்ததால் தைரியமாக மூடியைத் திருகினேன். 'உஸ்' என்று காற்று உள்ளே போனது, ஹோஸ் பொதுக்கென்று எழுந்து உருண்டையானது. உள்ளே கூலண்ட் கழுத்து வரை இல்லை. அரை லிட்டருக்குக் கொஞ்சம் குறைவாகப் பிடித்தது. பக்கத்து பிளாஸ்டிக் பாட்டிலிலோ மேல் கோட்டையும் தாண்டி நிறைந்திருக்கிறது! நான் தினமும் பாட்டிலைத்தான் பார்த்துவிட்டு 'தண்ணி இருக்கு' என்று திருப்தியாகப் போய்க்கொண்டிருந்திருக்கிறேன்.

அந்த மூடிக்குள் இரண்டு வால்வு. சூடேறி அழுத்தம் கூடினால் ஒன்று திறந்து கூலண்டைப் பாட்டிலுக்குத் தள்ளும். ஆறியதும் இன்னொன்று திறந்து அதைத் திரும்ப உள்ளே இழுக்கும். என் மூடியில் அந்த இரண்டாவது சின்ன வால்வு இறுகிவிட்டது. போனது திரும்பி வரவில்லை, அந்த இடத்தில் வெற்றிடம் விழுந்து ஹோஸைச் சப்பியிருக்கிறது. ஒவ்வொரு பயணத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமாக ரேடியேட்டர் காலியாகியிருக்கிறது.

தேனி ரோட்டில் இது தெரியாது. சமதளம், எதிர்க்காற்று, எஞ்சினுக்கு வேலை குறைவு. மலையில் முதல் கியரும் இரண்டாவது கியருமாக முக்கிக்கொண்டு ஏறும்போது சூடு அதிகம், காற்று குறைவு. இன்னொன்றும் உண்டு. மெட்டு உயரத்தில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் சுமார் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். மூடியின் மேல் அச்சடித்திருக்கும் 1.1 என்ற எண் வெளிக்காற்றுக்கு மேல் அது தாங்கிப் பிடிக்கும் அழுத்தம். அந்த அழுத்தம் இருந்தால்தான் கொதிநிலை 115-ஐயும் தாண்டும். உள்ளங்கை அகலத் தகரத்தை நம்பித்தான் அத்தனை பேரும் மலை ஏறுகிறோம்.

புது மூடி 260 ரூபாய். பழையதிலிருந்த அதே எண் போட்டது. "இதுவும் மாத்திப் பாக்குறதுதானே?" என்று வீட்டில் கேட்டார்கள். இல்லை. சப்பிய ஹோஸும் காலியான கழுத்தும் நிறைந்த பாட்டிலும் மூன்றுமாகச் சேர்ந்து ஒரே ஆளைக் கைகாட்டுகின்றன.

அக்டோபர் 9, வியாழன்

கேஸ்கெட் பயம் முழுசாகப் போகவில்லை. டிப் ஸ்டிக்கை உருவிப் பார்த்தேன், எண்ணெய் எண்ணெயாகவே இருந்தது, கூலண்ட் கலந்து பால் டீ நிறத்துக்குத் திரியவில்லை. காலையில் மூடியில்லாமல் எஞ்சினைக் கிளப்பி ரேடியேட்டர் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். தொடக்கத்தில் நாலைந்து குமிழ் வந்து நின்றுவிட்டது. கேஸ்கெட் போயிருந்தால் விடாமல் பொங்கியிருக்கும். புகைக்குழாயில் வெள்ளைப் புகையும் இல்லை. ஏசியைப் போட்டதும் ரேடியேட்டர் ஃபேன் சுற்றியது.

சாயங்காலம் அந்த ஜீப்காரரைப் பஸ் ஸ்டாண்டு பக்கம் பார்த்தேன். அவருக்குச் செல்ஃப் எடுக்கவில்லையாம், 'டக்' என்ற சத்தத்தோடு நின்றுவிடுகிறதாம். கடையில் பேட்டரியை மாற்றச் சொல்லிவிட்டார்கள். என்னிடம் 300 ரூபாய் மல்டிமீட்டர் இருந்தது. பேட்டரியில் 12.6 வோல்ட் காட்டியது, குறையே இல்லை. பிறகு ஒரு முனையைப் பேட்டரியின் ஈயக் குமிழிலும் மறுமுனையை அதைக் கவ்வியிருக்கும் கிளாம்பிலும் வைத்துக்கொண்டு சாவியைத் திருகச் சொன்னேன். அங்கே ஏறக்குறைய பூஜ்யம்தான் காட்ட வேண்டும். இரண்டுக்கு மேல் காட்டியது. வோல்டேஜ் செல்ஃபுக்கு முழுசாகப் போகாமல் வழியிலேயே, அந்த வெள்ளைப் பூஞ்சை மாதிரிப் படிந்திருந்த உப்பில் விழுந்துகொண்டிருந்தது. நெகட்டிவ் கிளாம்பை முதலில் கழற்றி, சுடுதண்ணீரில் சோடா உப்பைக் கரைத்து ஊற்றி, உப்புத்தாளால் தேய்த்து மாட்டினோம். ஒரே திருகில் எடுத்தது. "இந்தப் பெட்டி என்ன வெலைண்ணே?" என்றார். பேட்டரி விலை ஐயாயிரத்துக்கு மேல் சொல்லியிருந்தார்களாம்.

எங்கள் போடியில் ஸ்பைசஸ் போர்டு ஏல மையத்தில் உட்காரும் வியாபாரிகள் சாம்பிள் ஏலக்காயைக் கையில் கொட்டி உருட்டி, ஒன்றை உடைத்து மணியின் நிறம் பார்க்காமல் விலை கேட்பதில்லை. அதே ஊரில், அதே ஆட்கள், காருக்கு மட்டும் வாய்வார்த்தையில் ஐயாயிரம் எண்ணி வைத்துவிடுகிறோம்.

அக்டோபர் 12, ஞாயிறு

புது மூடியோடு மெட்டு வரை போய் வந்தேன். முள் நடுவை விட்டு அசையவில்லை.

இறங்கும்போது பிரேக் வாசனை வந்தது. முந்தலில் நிறுத்தி முன் சக்கரங்கள் இரண்டின் பக்கத்திலும் தொடாமல் கையைக் காட்டிப் பார்த்தேன். ஒன்று மட்டும் தகித்தால் அந்தப் பக்கத்துக் காலிப்பர் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். இரண்டும் ஒரே சூடு. ஆக, குற்றவாளி என் வலது கால். ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும் என்று என் அப்பா சொல்லிச் சொல்லி ஓய்ந்தார்.

அக்டோபர் 18, சனி

தீபாவளிக்கு முந்தின கூட்டம். மெக்கானிக்கிடம் போய், கோளாறு மூடியில்தான் என்று சொல்லி, ரேடியேட்டரில் கைப்பம்பு மாட்டி அழுத்தம் நிற்கிறதா என்று மட்டும் பார்த்துச் சொல்லக் கேட்டேன். கால் மணி நேரம் முள் இறங்கவில்லை. எங்கும் கசிவில்லை. அவர் முகத்தில் கோபமும் இல்லை. "நீங்க சொன்னது சரிதான் சார்" என்றார்.

அவரைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. பார்ட்ஸுக்கு ஐயாயிரம் கேட்டால் கொடுத்துவிடுகிறோம், ஒரு மணி நேரம் குனிந்து பார்த்ததற்கு முந்நூறு கேட்டால் சண்டைக்குப் போகிறோம். பார்ப்பதற்குக் கூலி இல்லாத ஊரில் மாற்றித்தான் பிழைக்க முடியும்.

முந்நூறு நீட்டினேன். "எதுக்கு சார்? நான் ஒண்ணுமே மாத்தலையே." வற்புறுத்தியபிறகு வாங்கிக்கொண்டு, பில் புத்தகத்தை எடுத்தவர் என்ன எழுதுவது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் பேனாவோடு நின்றார். பிறகு எழுதினார்: கூலண்ட், 1 லிட்டர்.