ஊட்டிக்கு அண்ணன்!

ஊட்டி என்றதும் மயிலாப்பூர்வாசிக்கு ரோஜாத் தோட்டமும் போட்டிங்கும் ஞாபகம் வரும். போய்ப் பார்த்தால் சீசனில் அங்கேயும் ஒரு பாண்டி பஜார் கூட்டம்! கையில் மூன்று நாள் கேஷுவல் லீவ் இருக்கிறதா? பேசாமல் கோத்தகிரிக்குப் போங்கள்.

சென்ட்ரலில் ராத்திரி நீலகிரி எக்ஸ்பிரஸ். விடிந்தால் மேட்டுப்பாளையம். மலை ரயிலுக்கு முண்டியடிப்பவர்களுக்கு டாட்டா காட்டிவிட்டு பஸ் ஏறுங்கள். (அந்த ரயில் குன்னூர் வழியாக ஊட்டி போகிறது, கோத்தகிரி பக்கம் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை.) சுமார் 33 கிலோமீட்டர் வளைந்து வளைந்து ஏறினால், ஏறக்குறைய 5,900 அடி உயரத்தில் ஊர். கையில் ஓர் எலுமிச்சம்பழம் இருப்பது உங்களுக்கு நல்லது... பக்கத்து சீட்டுக்காரருக்கும் நல்லது.

பெயரிலேயே சொந்தக்காரர் இருக்கிறார். கோத்தர்களின் கிரி! கோத்தர்கள் பானை வனைந்தார்கள், இரும்பு அடித்தார்கள், சடங்குகளுக்கு வாத்தியம் வாசித்தார்கள். படுகர்கள் தானியம் விளைவித்தார்கள். தோடர்கள் எருமை வளர்த்து நெய் தந்தார்கள். குறும்பர்கள் காட்டிலிருந்து தேன் கொண்டுவந்தார்கள். காசைத் தொடாமலே கொடுக்கல் வாங்கல். பி.காம். படித்த எனக்குப் பொறாமையாக இருக்கிறது. லெட்ஜரே இல்லாமல் எத்தனையோ தலைமுறை டேலி ஆன கணக்கு, சார்!

1819-ல் கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் மலையேறி வந்தார். பக்கத்தில் கன்னேரிமுக்கில் பங்களா கட்டினார். இன்று அது நினைவகம். ஊட்டியில் அவர் வீடு கட்டியதெல்லாம் அப்புறம்தான். பின்னால் காபி வந்தது, தேயிலை வந்தது. ராகியும் சாமையும் விளைந்த சரிவுகள் பச்சைக் கம்பளம் ஆயின. நாம் போட்டோ எடுத்துக்கொள்வது அங்கேதான்.

டீக்கடை பெஞ்சில் ஒரு படுகர் பெரியவர். ஒன்றரை ஏக்கர் தேயிலை.

"பசங்க எங்கே ஐயா?"

"ஒருத்தன் கோயமுத்தூரு. இன்னொருத்தன் உங்க ஊர்லதான் தம்பி, வேளச்சேரி. இலை விலையை நம்பி இங்க உக்காந்திருக்க முடியுமா?"

கணக்கு சுலபம். ஒரு கிலோ டீத்தூளுக்கு நாலு கிலோவுக்கு மேல் பச்சை இலை வேண்டும். பறித்த அன்றே ஃபாக்டரிக்குப் போக வேண்டும். விலை ஏறட்டும் என்று பரணில் போட முடியாது. தூள் குன்னூரில் ஏலம் போகும். அந்த ஏலத்தை ஒட்டித்தான் இலைக்கு விலை. 1991-ல் சோவியத் யூனியன் உடைந்தது. பெரிய வாடிக்கையாளர் கைநழுவினார். 1990களின் கடைசியில் இலை விலை சரிந்தது. மாஸ்கோவில் ஆட்சி மாறினால் கோத்தகிரியில் உலை கொதிப்பதில்லை!

"நெல்லுன்னா மூட்டை கட்டி வெப்பாங்க. இதை என்ன செய்யறது? அவங்க சொல்றதுதான் விலை. டீ ஆறுது, குடிங்க தம்பி."

கோடநாடு காட்சிமுனை, கேத்தரின் அருவி எல்லாம் பாருங்கள். திரும்பும்போது சிறு விவசாயிகளின் கூட்டுறவு ஃபாக்டரித் தூள், இன்ட்கோ, ஒரு பாக்கெட் வாங்குங்கள். ஆபீஸ் கேன்டீனில் "டீ விலை ஏத்திட்டான்யா" என்று புலம்பும்போது, ஏறின காசு மலை ஏறிச்சா என்றும் ஒரு வார்த்தை கேளுங்கள்.