கொடைக்கானலில் வீடா, ஆண்டுக்கு ஏழு இரவா?

டைம்ஷேர் எனப்படுவது, விடுமுறை விடுதியொன்றில் ஆண்டுதோறும் சில நாள்கள் தங்கும் உரிமையை முன்கூட்டியே பணம் செலுத்திப் பெறும் முறை. 1986இல் ஸ்டெர்லிங் நிறுவனமும் 1996இல் மஹிந்திரா ஹாலிடேஸும் தொடங்கப்பட்ட பின் இது நடுத்தரக் குடும்பங்களிடையே பரவியது.

மஹிந்திராவின் பெயர்பெற்ற திட்டம் 25 ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு ஏழு இரவுகள் தருகிறது. ஆனால் பராமரிப்புக்கான ஆண்டுச் சந்தா தனி, பருவத்திற்கேற்ப உறுப்பினர்நிலையின் விலையும் வேறு, காலம் முடிந்தபின் கையில் பத்திரம் எதுவும் மிஞ்சுவதில்லை.

மாறாக, கொடைக்கானலில் அடுக்கக வீடு வாங்கினால் பத்திரம் உண்டு. கூடவே முத்திரைத்தீர்வை, பதிவுக் கட்டணம், சொத்துவரி, மலையின் ஈரத்தில் பூஞ்சை படரும் சுவர்கள் ஆகியனவும் உண்டு.

எறையூர் போன்ற சிற்றூரின் கரும்பு விவசாயிக்கு, வெட்டிய கரும்புக்கு ஆலைப் பணம் வந்து சேரும் காலமே செலவின் காலமாதலால், பணம் வராத மாதத்திலும் தவறாது கேட்கும் சந்தா உறுத்தவே செய்யும். எனினும் (மண்ணையே சொத்தென நம்பும் ஊரில் இதைச் சொல்வது சற்றுத் துணிச்சல்தான்) ஆண்டில் ஒரு வாரமே மலையேறும் குடும்பத்திற்குச் சந்தாவே மலிவு.

எஞ்சிய ஐம்பத்தொரு வாரமும் பூட்டிக் கிடக்கும் வீட்டை யார் திறந்து காற்றாட விடுவது?