வெளியே போகும் வழி

உபாத்தியாயர்களுக்கு ஒரு வியாதி உண்டு. எங்கே போனாலும் தலைகளை எண்ணிக்கொண்டிருப்பதுதான் அது. நமக்கும் அந்த வியாதி இருபது வருஷமாக இருக்கிறது.

சில வருஷங்களுக்கு முன் நம் வகுப்பு மாணாக்கர்கள் முப்பத்திரண்டு பேரை ஒரு பட்டணத்து ஸ்டேடியத்துக்குக் கிரிக்கெட் பந்தயம் பார்க்க அழைத்துச் சென்றோம். தலைக்கு மேல் தூணின்றி நீண்டிருந்த கூரையையும், இரவைப் பகலாக்கிய விளக்குக் கோபுரங்களையும் கண்டு பையன்கள் பிரமித்தார்கள். வாஸ்தவத்தைச் சொன்னால், நாமுந்தான் பிரமித்தோம்.

பந்தயம் முடிந்தது. நாம் இறங்கிய படிக்கட்டின் அடியில் இரட்டைக் கதவு. அதில் ஒன்று சாத்திக் கிடந்தது. மேலே இருந்தவர்களுக்கு அது எப்படித் தெரியும்? அவர்கள் நெருக்கிக்கொண்டே வந்தார்கள். கடைசிப் பத்துப் படிகளில் நம் கால் தரையில் பட்டதாகவே நினைவில்லை. தெருவுக்கு வந்து எண்ணினோம். முப்பத்தொன்று!

கால் மணி நேரம் தேடினோம். பையனுடைய தாயாருக்கு என்ன பதில் சொல்வது என்பதைத் தவிர வேறு எண்ணமே நம் மனத்தில் இல்லை. கடைசியில், வேர்க்கடலை விற்கும் கிழவியின் கூடைக்கருகில், ஒற்றைச் செருப்புடன் விம்மிக்கொண்டு நின்றான்.

அதற்குப் பிறகுதான் இக்கட்டடங்களைப் பற்றிப் படிக்கலானோம். ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ நகரத்து ஐப்ராக்ஸ் மைதானத்தில் 1902 ஏப்ரல் 5-ஆம் தேதி, ஜனங்கள் நின்றிருந்த மரப் பலகை மேடை முறிந்து 25 பேர் மாண்டனர். அதை வகுத்த எஞ்சினீயர் ஆர்ச்சிபால்ட் லீச் அன்று அங்கேதான் இருந்தார். அதன் பின் இத்தகைய மேடைகளை மண்மேட்டின் மீதும் கான்கிரீட்டிலும் அமைக்கத் தொடங்கினார்கள். மேடை உறுதியாயிற்று. ஆனால் அதே மைதானத்தில் 1971 ஜனவரி 2-ஆம் தேதி, ஆட்டம் முடிந்து 13-ஆம் எண் படிக்கட்டில் இறங்கிய கூட்டத்தில் 66 பேர் நசுங்கி இறந்தனர். இம்முறை மேடை இடியவில்லை. மனிதர் மேல் மனிதர் விழுந்ததே காரணம்.

இதற்குப் பின் 1973-ல் பிரிட்டனில் மைதானப் பாதுகாப்புக்கென்று ஒரு கையேடு வெளியிட்டார்கள். அதன் பிற்காலப் பதிப்புகளில் கண்ட கணக்கு இது: ஒரு மீட்டர் அகலமுள்ள படிக்கட்டில் நிமிஷத்துக்கு 66 பேர் இறங்கலாம், கூட்டம் எட்டு நிமிஷத்துக்குள் தம் இடத்தை விட்டுத் தடையற்ற வழியை அடைந்துவிட வேண்டும். அப்படியானால் மீட்டருக்கு 528 பேர்.

இக்கணக்கை நம் வகுப்பில் கொடுத்தோம். அகமதாபாத்தில் 2020-ல் திறந்த ஸ்டேடியத்தில் 1,32,000 பேர் அமரலாம். எல்லோரும் படி வழியே இறங்குவதானால் படிகளின் மொத்த அகலம் எவ்வளவு வேண்டும்? "இருநூற்றைம்பது மீட்டர், ஸார்!" என்றான் ஒருவன். ஒற்றைச் செருப்புடன் நின்றவன்தான் அவன்.

இது புதிய ஞானமுமல்ல. ரோமாபுரியில் கி.பி. 80-ல் திறந்த கொலோஸியத்தைச் சுற்றி 80 வளைவு வாயில்கள். அவரவர் வாயிலை அவரவர் அறிய, அவற்றுள் பெரும்பாலானவற்றின் மேல் எண்களைச் செதுக்கியிருந்தார்கள்.

வாயிலோடு கணக்கு முடிந்துவிடுவதுமில்லை. 2025 ஜூன் 4-ஆம் தேதி பெங்களூர் ஸ்டேடியத்து வாயில்களுக்கு வெளியே நெரிசலில் 11 பேர் மாண்டதை நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். தெருவையும் சேர்த்து வகுத்தால்தான் அது பூரணமான கட்டடம். அகலமான வழியை அமைத்துவிட்டு அதன் கதவைப் பூட்டி வைத்தாலோ, எஞ்சினீயர் போட்ட கணக்கு முழுவதும் வீண்!

கூரையைப் புகைப்படம் எடுக்கிறார்கள். படிக்கட்டை யாரும் எடுப்பதில்லை. நாமோ இப்பொழுது எந்த மைதானத்துக்குப் போனாலும், ஆசனத்தில் அமருமுன் இறங்கும் வழியை ஒரு முறை நடந்து பார்த்துவிட்டு வருகிறோம். பையன்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். திரும்பி வந்து எண்ணும்போது முப்பத்திரண்டும் இருக்க வேண்டும்.